முயல் கொட்டகையும் தட்டு மாற்றாத சட்டமும்

எங்கள் வீட்டில் வாய்க்குள் படித்தால் அது படிப்பில் சேராது. அம்மாவும் நைனாவும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது ஓட்டுப் போட மட்டும்தான். நான் புத்தகத்தை விரித்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால், அம்மா அரிசி களைந்துகொண்டே, "இன்னாடி, பொஸ்தகத்த மொறைச்சிக்கினு கீற? படி" என்பாள். கண்ணாலேயே படிக்கலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். "கண்ணால பாத்தா அது வேடிக்கை. வாயால சொன்னாத்தான் படிப்பு" என்பது அவள் தீர்ப்பு.

அதனால் நான் சத்தமாகவே படித்தேன், சத்தமாகவே பட்டமும் வாங்கினேன். விலங்கியல். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் பங்காளிகள் வீடு அத்தனையிலும் சேர்த்து முதல் பட்டம். இதை அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. முயன்று பார்த்ததும் இல்லை.

பிறகு அரசாங்க வேலைக்கான பரீட்சைக்குப் படிக்க ஆரம்பித்தேன். அதில் நடப்பு நிகழ்வுகள் என்று ஒரு பகுதி. உலகத்தில் எங்கே யார் எந்தப் பாலத்தைத் திறந்தாலும் நான் மனப்பாடம் செய்ய வேண்டும். நான் படிப்பது தெரு முழுக்கக் கேட்கும் என்பதால், எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற பெண்களுக்கு மங்கோலியாவின் தலைநகரம் தெரியும். ஒருநாள் நான் தூக்கக் கலக்கத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு அத்தை குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "நேத்து வேற இன்னமோ சொன்னியேம்மா" என்று கேட்டாள்.

எங்கள் வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரத்தில் ஒரு சுவர். அதை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் நினைத்தார்கள். செங்கல் யார் வாங்குவது என்பதில் அது அப்படியே நின்றுவிட்டது. அந்தச் சுவரை ஒட்டி எங்கள் பக்கத்தில்தான் அம்மாவின் முயல் கொட்டகை.

மகளிர் குழுவில் பயிற்சிக்குப் போய்வந்து, ஒரு ஜோடி வெள்ளை முயலோடு அம்மா ஆரம்பித்தாள். மேற்கொண்டு ஆக வேண்டியதை முயல்களே பார்த்துக்கொண்டன. நைனா கம்பிவலையில் கூண்டு கட்டினார். இடம் போதாமல் கூண்டின்மேல் கூண்டாக அடுக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கு வாங்கிப் போக ஆள் வரும்.

அம்மா அதற்குமுன் சிறு வயதிலிருந்து அடுத்தவர் நிலத்தில் நட்டவள், களை எடுத்தவள். நடவு வந்தால் நிலக்காரர் வீட்டு ஆள் தெருமுனையில் நின்று குரல் கொடுப்பார். அம்மா உலையைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டுப் போவாள். காய்ச்சல் என்றாலும் போவாள். முயல் வந்த பிறகு ஒருநாள் அதே ஆள் வந்து நின்று கூப்பிட்டபோது, அம்மா அகத்திக் கீரைக் கட்டோடு வாசலுக்கு வந்து, "எனக்கு வேலை கீதுப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே வந்து அந்தக் கீரையை முயலுக்குப் போட்டபோது அவள் முகத்தில் இருந்ததை, எனக்குப் பட்டம் கிடைத்த அன்றுகூட நான் பார்க்கவில்லை.

ஆனால் முயலுக்கு முடி உதிரும். வெயில் ஏற ஏற அதிகமாக உதிரும். ஏரிப் பக்கமிருந்து காற்று அடித்தால் அந்த வெள்ளை முடி இலவம்பஞ்சு மாதிரி எழுந்து சுவரைத் தாண்டும். அம்மா கூண்டு துடைக்கிற நேரமும் சித்தப்பா நாஷ்டாவுக்கு உட்காருகிற நேரமும் ஒன்று. அவர் டீயில் முடி, அவர் வேட்டியில் முடி, சித்தி காயவைத்த வடகத்தில் முடி. தினமும் காலையில் சித்தப்பா சுவரோரம் வந்து, எங்கள் மேல்கூண்டின் மீது முழங்கையை ஊன்றிக்கொண்டு அம்மாவிடம் நியாயம் கேட்பார். அம்மா, "முயலுக்கு நான் மொட்டையா அடிக்க முடியும்?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அப்படி ஒரு காலையில்தான் நான் அந்தச் செய்தியைப் படித்தேன். பனி கொட்டுகிற ஏதோ ஒரு நாட்டில், உரோமத்துக்காக விலங்குகளை வளர்க்கும் பண்ணைகளை மூட வேண்டும் என்று அவர்கள் சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறார்கள். காரணம், பொது சுகாதாரம். நாட்டின் பெயர் வாயில் நுழையவில்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டு, விஷயத்தை மட்டும் உருப்போட்டேன்.

"உரோமப் பண்ணை, மூடல், பொது சுகாதாரம். உரோமப் பண்ணை, மூடல், பொது சுகாதாரம்."

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டில் கரண்டி படுகிற சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் சித்தப்பாவின் தலை தெரிந்தது. முழங்கை வழக்கம்போலக் கூண்டின் மேல்.

"இன்னாம்மே படிச்ச? இன்னொரு தபா சொல்லு."

யாராவது இன்னொரு தபா கேட்டால் எனக்குப் பெருமையாக இருக்கும். சொன்னேன்.

"ரோமம்னா முடிதானே?"

"ஆமா சித்தப்பா."

"பண்ணைன்னா இதோ இந்த மாதிரி கொட்டாய்தானே?"

"கொட்டாய்தான். ஆனா..."

"ஆனாவ அப்பால பாத்துக்கலாம். சட்டம் வந்துட்ச்சா இல்லியா?"

"அது வெளிநாட்டுல சித்தப்பா."

"வெளிநாட்டுச் சட்டத்த நீ இன்னாத்துக்குப் படிக்கிற? நீ எந்த கவர்மெண்டு வேலைக்குப் படிக்கிற? நம்ம கவர்மெண்டு. நம்ம கவர்மெண்டு நம்மளாண்ட கேக்குதுன்னா அது நம்ம சட்டந்தான். சம்பந்தம் இல்லாதத எவனாவது கேள்வியா கேப்பானா?"

இந்தப் பரீட்சை எழுதுகிற எல்லோரும் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி அது.

அம்மா கூண்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா கொயுந்தனாரே, காலங்காத்தாலயே?"

"அண்ணி, உன் கொட்டாய மூடச் சொல்லி சட்டம் வந்துட்ச்சி. உன் பொண்ணு வாயாலயே வந்துட்ச்சி."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் படித்திருக்கலாம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தோன்றியிருக்க வேண்டும்.

நான் திண்ணையிலிருந்து இறங்கி வந்து விளக்கினேன். மசோதா வேறு, சட்டம் வேறு. "மசோதான்னா பொண்ணு பாத்துட்டுப் போற மாதிரி சித்தப்பா. பஜ்ஜி சாப்ட்டாங்க, போய் சொல்லியனுப்பறோம்னாங்க, அவ்ளோதான். அப்பறம் பெரியவங்க கூடிப் பேசணும். தட்டு மாத்தணும். தாலி கட்னாத்தான் சட்டம். இது இன்னும் தட்டே மாத்தல. அதுவும் பொண்ணு வேற ஊரு."

சித்தப்பா நன்றாக யோசித்தார். "பொண்ணு பாத்துட்டுப் போனாலே ஊருக்குத் தெரிஞ்சிடும். அப்பறம் பின்வாங்குனா அசிங்கம். வர்ற மே தினத்துக்கு கிராம சபை கீதுல்ல? அதுல எய்ந்து பேசறேன். தீர்மானம் போட்டு இந்தக் கொட்டாய எடுக்க வைக்கல, நான் உன் நைனாவுக்குத் தம்பி இல்ல."

சித்தப்பா சொன்னால் செய்வார். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் அந்தக் காலத்துத் தேர்தல் விதிகளைச் செதுக்கி வைத்திருப்பதால், சுற்றுவட்டத்து ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் சட்டம் தங்கள் தாய்மாமன் வீடு என்ற நினைப்பு உண்டு. சித்தப்பாவுக்கு அது கொஞ்சம் அதிகம். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். ஆனால் ஆள் வைத்து எழுதி, அவர் மனு கொடுக்காத விஷயம் கிடையாது. மேலத்தெருச் சேவல் நேரத்துக்குக் கூவ வேண்டும் என்றுகூடக் கொடுத்திருக்கிறார்.

மதியத்துக்குள் செய்தி குழாயடிக்குப் போய்விட்டது. நான் குடத்தோடு போனதும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அங்க முயலத்தான் வளக்கறாங்களாம்மா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு அத்தை.

"இல்ல அத்தே. மிங்க்னு ஒண்ணு. நம்ம கீரிப்புள்ள மாதிரி இருக்கும், தண்ணியில நீந்தும். அத வளத்து, தோல முடியோட உரிச்சி கோட்டு தெப்பாங்க."

"கீரிப்புள்ளத் தோலுல சட்டையா?" அத்தை தலையில் போட்டிருந்த ஈரத் துண்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். "இந்த வெயில்ல எவன்டி போடுவான்?"

"அங்க பனி அத்தே."

"அப்ப போத்திக்கினு வூட்ல கெடக்க வேண்டிதுதானே."

வாலாஜாபாத் பக்கம் தறிக்காரர் வீட்டில் பெண்ணைக் கொடுத்திருந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. "கீரிப்புள்ளைக்கே சட்டம்னா, பட்டுக்கு? பூச்சியக் கொதிக்க வச்சித்தானே நூலு எடுக்கறோம்?" என்றாள். நான் இல்லை இல்லை என்று சொல்வதற்குள் அவள் மகளுக்குப் போன் போட்டுவிட்டாள். மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், பட்டுப்புடவையைத் தடைசெய்யப் போகிறார்களாம், கல்யாணம் வைத்திருப்பவர்கள் சீக்கிரம் எடுத்துக்கொண்டால் நல்லது என்று எனக்கு ரகசியமாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

இந்தக் கூத்தெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, நான் ஒரு வேலை செய்தேன். அந்த மசோதாவை ஏன் கொண்டுவந்தார்கள் என்று போனில் தேடி முழுசாகப் படித்தேன். பரீட்சைக்காக இல்லை, எனக்காக. கண்ணாலேயே படித்தேன். அந்தப் பண்ணைகளில் விலங்குகளை நெருக்கமாகக் கூண்டில் அடைக்கிறார்கள். மனிதனிடமிருந்து கிருமி அவற்றுக்குப் போகிறது, நெருக்கத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகப் பரவுகிறது, பரவும்போது உருமாறி மறுபடி மனிதனிடமே வருகிறது. ஒரு கோட்டுக்காக ஊரையே நோயில் தள்ளலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

படித்துவிட்டு எழுந்து போய் எங்கள் கொட்டகையைப் பார்த்தேன். கூண்டின்மேல் கூண்டு. மேலே இருப்பது போடுகிற புழுக்கை கீழே இருப்பதன் தலையில். காற்றுக்கு வழியில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், ஓரத்துக் கூண்டில், ஒரு பெட்டை முயல் காதைப் பின்னங்காலால் சொறிந்துகொண்டே இருந்தது. தூக்கிப் பார்த்தேன். காது விளிம்பிலும் மூக்கு நுனியிலும் பொருக்குப் பொருக்காகப் புண்.

"அம்மா, இது சொறி. இதுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. தனியா பிரிக்கணும். டாக்டராண்ட காட்டணும்."

அம்மா முயலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சித்திரை மாசம், கொளுத்துகிற வெயில், முகத்தில் பொரிப்பொரியாகப் புண். அவளுக்கு வேறொன்று தோன்றிவிட்டது. வெளியே போனாள். ஒரு கை வேப்பிலையோடு வந்து கொட்டகை வாசலில் கட்டினாள்.

"அம்மா! அம்மை இல்ல இது!"

"நீ ஊசி போட்டுக்கோ. நான் வேப்பல கட்டிக்கிறேன். எது கேக்குதோ கேக்கட்டும்."

மாட்டுக்கு நோய் வந்தால் தொழுவத்தில் வேப்பிலை கட்டுவது எங்கள் பக்கத்தில் உண்டு. முயலுக்கு யாரும் கட்டியதில்லை. முயலே எங்கள் தெருவுக்குப் புதுசுதான். ஆனால் வேப்பிலை எதற்குக் கட்டியிருந்தாலும் வேப்பிலைதான். கட்டின இடத்துக்கு வெளியாட்கள் வரக் கூடாது. கைகால் கழுவாமல் யாரும் நுழையக் கூடாது. அங்கே சண்டை கூடாது, உரத்த பேச்சுக் கூடாது. வீட்டில் கறி மீன் கூடாது, எண்ணெய் காயவைத்துத் தாளிக்கக் கூடாது. நோய் இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை இதுதான் சட்டம். இதற்கு மசோதா கிடையாது. பெண் பார்ப்பது, தட்டு மாற்றுவது ஒன்றும் கிடையாது. நேராகத் தாலிதான்.

சுவர் பொது என்பதால் வேப்பிலையும் பொது என்று சித்தி முடிவெடுத்துவிட்டாள். அங்கேதான் சித்தப்பா மாட்டினார்.

சித்தப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் விடியாது. அந்த ஞாயிறு சித்தி அவர் முன்னால் கஞ்சியும் வெங்காயமும் வைத்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"இன்னா இது?"

"கஞ்சி."

"கறி எங்க?"

"அம்மன் சுவத்துக்கு அந்தாண்ட வந்து குந்திகினு கீறா. உனக்குக் கறி கேக்குதா?"

"முயலுக்குடி வந்து கீது! முயலுக்கு!"

"மெதுவா பேசு. மொயலு அவ படைச்சது இல்லியா?"

எனக்குச் சித்தப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சுவரோரம் போய், "சித்தி, அது அம்மை இல்ல. சொறிப்பூச்சி" என்றேன்.

"கன்னத்துல போட்டுக்கோ மொதல்ல" என்றாள் சித்தி.

போட்டுக்கொண்டேன். விலங்கியல் பட்டத்தோடு போட்டுக்கொண்டேன்.

சித்தப்பாவின் பெரிய துன்பம் கறி இல்லாதது அல்ல, கத்த முடியாதது. கொட்டகையை மூடச் சொல்லி அவர் சேர்த்து வைத்திருந்த ஆவேசம் அத்தனையையும் ரகசியம் பேசுகிற குரலில்தான் பேச வேண்டியிருந்தது. காலையில் சுவரோரம் வந்து, "அண்ணி, எப்ப தண்ணி ஊத்துவ?" என்று கிசுகிசுப்பார்.

"புண்ணு காயணும்."

"எப்பக் காயும்?"

"அது அம்மனுக்குத்தான் தெரியும்."

"டாக்டருக்கும் தெரியும் சித்தப்பா" என்றேன் நான். "நைனா கட்டட வேலைக்குப் போயிட்டாரு. நீங்க மொபெட்ல இட்டுகினு போனா சீக்கிரம் ஆவும்."

கிராம சபையில் யாரை ஒழிக்கப் போவதாகச் சபதம் போட்டாரோ, அந்த முயலை ஒயர் கூடையில் வைத்து, மேலே ஈரத் துணி மூடி, மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு சித்தப்பா வண்டியை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். டீக்கடையில் நின்றிருந்தவர்கள் கூடையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த காதைப் பார்த்துவிட்டார்கள்.

"இன்னா மாமா, இன்னிக்குக் கொயம்பா?"

"ஆஸ்பத்திரிக்கி" என்றார் சித்தப்பா.

"கொயம்பு வைக்கறதுக்கு மின்னாடி டாக்டராண்ட காட்டணும்னு புது சட்டமா?"

சித்தப்பா வண்டியை முறுக்கினார்.

கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டரம்மா முயலின் காதைச் சுரண்டிப் பார்த்தார். சொறிதான் என்றார். எனக்குத் தலை ஒரு சாண் உயர்ந்தது. ஊசி போட்டார், மறுபடியும் ஒரு தடவை கொண்டுவந்து போட்டுக்கொள்ளச் சொன்னார். பிறகு சித்தப்பாவிடம், "நீங்க வளக்கறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நான் இத மூடறதுக்கு சட்டம் கொண்டார்றவன்."

டாக்டரம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கையை ஏன் சொறிஞ்சிக்கிட்டே இருக்கீங்க? காட்டுங்க" என்றார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சின்னச் சின்னதாகச் சிவந்திருந்தது. "கூண்டு மேல கை வைப்பீங்களா? இதுகிட்டருந்து வந்த அரிப்பாத்தான் இருக்கும். பயப்பட ஒண்ணுமில்ல. மனுஷங்க டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வீட்ல கூண்ட அடுக்காதீங்க, காத்து வரணும். தொட்டா சோப்பு போட்டு கழுவுங்க."

ஒரு மனிதன் தனக்கு நோய் வந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

"பொது சுகாதாரம்!" என்றார் சித்தப்பா. மருத்துவமனையில் வேப்பிலை இல்லாததால் முழுக்குரலில் சொன்னார். "பாத்தியாம்மே? என் கையிலயே கீது!"

வழியெல்லாம் ஒற்றைக் கையில் வண்டி ஓட்டி, இன்னொரு கையை எதிரில் வருகிறவர்களுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். கூடையை நான் பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அடுக்கைப் பிரிக்க வேண்டும். கொட்டகையைச் சுவரைவிட்டுத் தள்ளி முருங்கை மரத்துப் பக்கம் கொண்டுபோக வேண்டும். வாசலில் சோப்பு வைக்க வேண்டும். அம்மா கேட்டுக்கொண்டே சாக்கை நனைத்துக் கூண்டுகளின்மேல் போட்டுக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு முயல் தாங்காது.

"நோவு கீதுன்னு நீயே ஒத்துக்கறியா?" என்றாள். "அவன் கையத் தூக்கிக் காட்டுவான். நீ ஆமாம்பே. மூடுன்னு எய்திடுவாங்க. அப்பறம் நான் மறுபடி தெருமொனையில கூப்ட்டா உலைய இறக்கி வச்சிட்டு ஓடணும். அதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?"

அதில் சிரிக்க ஒன்றுமில்லை. கீழே கிடந்த இன்னொரு சாக்கை எடுத்து நனைத்தேன்.

"மூட வுட மாட்டேன்மா. சபையில நான் பேசறேன்."

அம்மா சாக்கைப் பிழிந்தாள். "பேசறதுன்னா சத்தமா பேசு. மொணமொணன்னாத."

மே தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி கழுவுவது, கொசு மருந்து, தெருவிளக்கு என்று எல்லாவற்றையும் ஊராட்சிச் செயலர் வேகமாகப் படித்தார். யாரும் கேட்கவில்லை, எல்லோரும் மோர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் வேறு யாராவது பேச வேண்டுமா என்று தலைவரம்மா கேட்டதும் சித்தப்பா எழுந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"உரோமப் பண்ணை, மூடல், பொது சுகாதாரம்!"

என் ராகம்தான். நான் எங்கே மூச்சு விடுவேனோ அங்கே அவரும் விட்டார். குழாயடிப் பெண்கள் சிலர் கூடவே முணுமுணுத்தார்கள். சித்தப்பா கையைத் தூக்கி நாலாபுறமும் காட்டினார். வெளிநாட்டில் பெண் பார்த்துவிட்டுப் போன கதையைச் சொன்னார். செயலர் பேனாவை வைத்துக்கொண்டு, "இத எந்தத் தலைப்புல எழுதறது?" என்று தலைவரம்மாவைப் பார்த்தார்.

"கொட்டாய எடுக்கணும்ன்றீங்களா?" என்றார் தலைவரம்மா.

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து ஒருவர், "வேப்பல கட்டி கீதே, எப்பிடிங்க எடுக்கறது?" என்றார். உண்மை. இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது, புண் காய்ந்துவிட்டது, ஆனாலும் அம்மா வேப்பிலையை அவிழ்க்கவில்லை. காலையில்தான் புதுக்கொத்து மாற்றிக் கட்டியிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஷாமியானாவைப் பார்த்தாள்.

சித்தி எழுந்து நின்றாள். "அத எவனாவது தொட்டான்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

அந்தச் சலசலப்பில் நான் எழுந்தேன். சத்தமாகப் பேசினேன்.

"சித்தப்பா சொன்னது பொய்யில்ல. அவர் கையில இருக்கறது எங்க கொட்டாயிலருந்து வந்ததுதான். அந்த நாட்டுல பயப்படறதும் நியாயம்தான். அங்க கோட்டுக்காக வளக்கறாங்க. அந்தக் கோட்டு இல்லன்னா வேற கோட்டு போட்டுக்கலாம், அதனால மூடச் சொல்றாங்க. நானா இருந்தாலும் மூடுன்னுதான் சொல்வேன். இங்க எங்கம்மா அதுலதான் சோறு திங்கறா. நோய் வர்ற வழியை மூடுங்க, கொட்டாய மூடாதீங்க. கூண்ட அடுக்க மாட்டோம். சுவத்த வுட்டுத் தள்ளி வச்சிடறோம். டாக்டர் சொன்னபடி செய்யறோம். செய்யலன்னா அடுத்த சபையில நானே எழுந்து மூடுன்னு சொல்றேன்."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தக் கடைசி வரி அவளிடம் சொல்லிவைத்த பேச்சில் இல்லை.

தலைவரம்மா சித்தப்பாவிடம், "இன்னாங்க, ஒத்துக்கறீங்களா?" என்றார்.

சித்தப்பா கணக்குப் போட்டார். மூடச் சொன்னால் அண்ணி வேப்பிலையை அவிழ்க்கவே மாட்டாள், அது ஆயுசுக்கும் தொங்கும், ஆயுசுக்கும் கஞ்சி. அவர் முகத்தில் அந்தக் கஞ்சி தெரிந்தது.

"ஒத்துக்கறேன். அடுக்கக் கூடாது. சுவத்தாண்ட வரக் கூடாது. சோப்பு வைக்கணும். வலை கட்டணும், முடி பறக்கக் கூடாது. அப்பறம் இன்னொண்ணு. என்னியக் கேக்காம இனிமே வேப்பல கட்டக் கூடாது."

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "ஏன் கொயுந்தனாரே, அம்மன் வர்றதுக்கு மின்னாடி உன்னாண்ட மனு குடுக்கணுமா?"

ஷாமியானாவே குலுங்கியது. செயலர், "இதையும் எழுதணுமா?" என்றார். வேண்டாம் என்றார் தலைவரம்மா. மற்றதெல்லாம் தீர்மானமானது. மோர் கொடுத்தார்கள்.

மறுநாள் காலையில் அம்மா மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைக் கொட்டகை வாசலில் தெளித்தாள். முயலின் நெற்றியில் விரல் நனைத்து ஒரு சொட்டு வைத்தாள். முயலைக் குளிப்பாட்டக் கூடாது என்று நான் முன்கூட்டியே சண்டை போட்டிருந்தேன். வேப்பிலையை அவிழ்த்த கை கழுவுவதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் மசாலா அரைக்கிற சத்தம் கேட்டது. அன்று ஞாயிறுகூட இல்லை.

நைனாவும் சித்தப்பாவும் சேர்ந்துதான் கொட்டகையை முருங்கை மரத்துப் பக்கம் நகர்த்தினார்கள். சித்தப்பா முழம் போட்டு அளந்தார். தினமும் வந்து சோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார். தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கிறார். வலை கட்டியும் கொஞ்சம் முடி பறக்கத்தான் செய்கிறது. இப்போது அது எதிர்வீட்டு அத்தையின் வாசலுக்குப் போகிறது. அவள் இன்னும் சட்டம் எதுவும் தேட ஆரம்பிக்கவில்லை.

ஏரியில் தண்ணீர் திறந்து நடவு வந்தபோது நிலக்காரர் வீட்டு ஆள் தெருமுனையில் நின்று குரல் கொடுத்தார். அம்மா முருங்கை மரத்தடியிலிருந்தே, "எனக்கு வேலை கீதுப்பா" என்றாள்.

சில நாளுக்கு ஒருமுறை சித்தப்பா சுவரோரம் வந்து நிற்பார். கை ஊன்ற அங்கே இப்போது கூண்டு இல்லாததால் இடுப்பில் கை வைத்துக்கொள்வார். "அந்த ஊர்ல இன்னாம்மே ஆச்சி? தட்டு மாத்திட்டாங்களா?"

"இல்ல சித்தப்பா. இன்னும் பேசிக்கினுதான் கீறாங்களாம்."

"இவ்ளோ நாளாவா? நம்மூரா இருந்தா மோர் குடிக்கறதுக்குள்ள முடிஞ்சிருக்கும்."

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்காருகிறேன். படிக்கிறேன். கொட்டகை தள்ளிப் போய்விட்டதால் அம்மாவுக்கு முன்போலக் கேட்பதில்லை. முருங்கை மரத்தடியிலிருந்து அவள் குரல் வருகிறது.

"இன்னாடி, சத்தத்தையே காணோம்? வேடிக்கை பாத்துக்கினு கீறியா?"

இன்னும் சத்தமாகப் படிக்கிறேன். இந்த முறை, அன்று வாயில் நுழையாத அந்த நாட்டின் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன்.